அக்கார்டியன்காரர் ஈவ் லாம்பேருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஈவ் லாம்பேர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் உங்கள் பாட்டை யூடியூபில் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே நானும் கூடச் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிடுகிறேன். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான உங்கள் கியூபெக்கின் பாட்டு கட்டப்பட்டிருக்கும் விதம் அப்படி. ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்கிறார், கூட்டம் அதைத் திருப்பிப் பாடுகிறது. பல பாட்டுகளில் முந்தைய கண்ணி முடிந்த வரியிலிருந்தே அடுத்தது தொடங்குகிறது, நம் அந்தாதி மாதிரி. ஏட்டில் எழுதாமலே இத்தனை தலைமுறை தாண்டி வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பாடப் பாடவே மனப்பாடம் ஆகிவிடுமே!

1976இல் கியூபெக்கின் லானோதியேர் பகுதியில், ஜோலியெட்டில், நண்பர்களோடு 'லா போத்தீன் சூரியாந்த்' குழுவைத் தொடங்கினீர்கள். கியூபெக்குக்குத் தனி ஆட்சி கேட்ட பார்ட்டி கெபெக்குவா கட்சி முதன்முறை அங்கே ஆட்சியைப் பிடித்ததும் அதே வருடம்தான். பிரெஞ்சு பேசுகிறவர்கள் தங்கள் வேரைத் தேடிய காலம், நாட்டுப்புற இசைக்கு நல்ல மவுசு. 1980இல் தனி ஆட்சிக்கான வாக்கெடுப்பு தோற்றதும் அந்த அலை வடிந்துவிட்டது. பல குழுக்கள் மூட்டை கட்டின. நீங்கள் கட்டவில்லை. அலை அடித்தபோது பாடியதைவிட, வடிந்த பிறகும் பாடியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம் 1990 வாக்கில் டிரம்பெட்டையும் டிராம்போனையும் சாக்ஸபோனையும் உள்ளே கொண்டுவந்தீர்கள். பழைய இசையில் புதிதாக எதையாவது சேர்த்தால் முகம் சுளிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. என் கட்சி வேறு. மேலே எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், கீழே கால் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கால் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் காலத்து வீடியோவில் உங்கள் குழுவின் மிஷேல் போர்தெலோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கை பாட்டுக்கு வாத்தியம் வாசிக்கிறது. கீழே பலகையில் கனமான ஷூ போட்ட இரண்டு பாதங்களும், குதிகாலும் நுனியுமாக மாறி மாறி, குதிரை பாய்கிற மாதிரி தட்டிக்கொண்டே போகின்றன. டிரம்ஸ்காரர் செய்ய வேண்டிய வேலை. இடுப்புக்கு மேலே ஆள் நிதானமாக இருக்கிறார், அதுதான் வேடிக்கை. அந்தத் தட்டல் நிற்காதவரை, எத்தனை ஊதுகுழல் சேர்ந்தாலும் அது கியூபெக் இசைதான்.

கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்துவிட்டு நீங்கள் விலகியதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் குழு ஓய்ந்துவிடவில்லை. பாட்டுக்குப் பேர்போன சேன் கோம் கிராமத்திலிருந்து எரிக் போத்ரி வந்து சேர்ந்தார். அவர் தம்பி சிமோன் 'லெ வான் து நோர்' குழுவில் பாடினார். நீங்களும் சும்மா இருக்கவில்லை, தனிக் குழு கட்டிப் பாடினீர்கள். ஒன்று இரண்டானதில் கேட்கிறவர்களுக்கு என்ன நஷ்டம்?

ஒரு வேண்டுகோள். கச்சேரியைப் படம் பிடிக்கிறவர்கள் முகத்தையும் விரலையும் மட்டுமே காட்டுகிறார்கள். அவர்களிடம் கொஞ்சம் சொல்லுங்கள், கேமராவைக் கீழே இறக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்