ரூஜ் காடு ஏன் உங்கள் பட்டியலில் இல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த இதழில் நீங்கள் வெளியிட்ட கோடைகாலச் சுற்றுலா வழிகாட்டியை ஒரு வரி விடாமல் படித்தேன். நயாகரா, ஆயிரம் தீவுகள், வசாகா கடற்கரை, அல்கொன்குவின் என்று நல்ல இடங்கள் பல அதில் இருந்தன. எல்லாமே காரில் நீண்ட நேரம் ஓடிப் போய்ச் சேர வேண்டிய இடங்கள். உங்கள் வாசகர்களில் பெரும்பாலானோர் வாழும், ரொறன்ரோவின் ஸ்காபரோவையும் அதை அடுத்துள்ள மார்க்கத்தையும் ஒட்டியே கிடக்கும் ஒரு தேசியப் பூங்காவைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா ரூஜ். 2015இல் சட்டபூர்வமாக உருவானது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் தொடங்கி வடக்கே ஓக் ரிட்ஜஸ் மேட்டுநிலம் வரை ஏறக்குறைய 79 சதுர கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. உள்ளே போக ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும் டிடிசி நகரப் பஸ்ஸில் ஏறினால் காட்டின் வாசலிலேயே இறங்கலாம். கார் இல்லாதவர்களும் பிள்ளைகள் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கும் முதியவர்களும் தாங்களாகவே போய்வரக்கூடிய காடு இது. வழிகாட்டியில் முதலில் வந்திருக்க வேண்டியது இதுதான்.

"அங்கே பார்க்க என்ன இருக்கிறது, மரம்தானே" என்று கேட்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுக்காக ஒரே ஒரு சுற்றுப் பாதையைச் சொல்கிறேன். மிருகக்காட்சிச்சாலை வீதியின் வாகனத் தரிப்பிடத்திலிருந்து விஸ்டா தடத்தில் இறங்குங்கள். சிறிது தூரத்திலேயே ஒரு மரத்தாலான பார்வை மேடை வரும். அதில் ஏறி நின்றால் லிட்டில் ரூஜ் ஓடை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குக் கீழே விரிகிறது. வீடும் இல்லை, கோபுரமும் இல்லை. அதன்பின் தடம் மேட்டின் முதுகில் செல்கிறது. சில இடங்களில் ஒரு பக்கம் செங்குத்தான சரிவு, வேர்கள் குறுக்கே ஓடும் மண்பாதை, ஹெம்லொக் மரங்களின் இருண்ட நிழல். உச்சி வெயிலிலும் அங்கே குளிர்ச்சி தங்கியிருக்கும். ஓக், பீச், சர்க்கரை மேப்பிள் என்று இலையுதிர் மரங்கள் எதிர்ச்சரிவில் நிற்கின்றன. தெற்கே வளரும் கரோலினியக் காட்டுவகை தன் வட எல்லையைத் தொடும் இடம் இது. ஆகவே ஒன்ராறியோவின் வடக்கில் காணாத செடிகொடிகளை இங்கே காணலாம்.

பாதை இறங்கி ட்வின் ரிவர்ஸ் வீதியைத் தொடுகிறது. அங்கிருந்து ஓர்ச்சட் தடத்தைப் பிடித்துத் திரும்ப வேண்டும். இது ஓடையை அணைத்தபடி போகும் பாதை, விஸ்டாவைப் போல ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. பழைய கட்டடச் சுவர்களின் மிச்சங்கள் புதருக்குள் நிற்கின்றன. யாரோ ஒரு காலத்தில் உழுது, பழமரம் நட்டு வாழ்ந்த நிலம் இது. இப்போது காடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. நீரோட்டத்தின் ஓசை கூடவே வரும். செப்டெம்பர் கடைசியில் போனால் ஏரியிலிருந்து எதிர்நீச்சலில் ஏறிவரும் சினூக் சால்மன் மீன்களைக் காணலாம். நம் கையின் நீளமுள்ள மீன்கள், முதுகு தெரியும் ஆழமற்ற நீரில், கல்லில் உரசிக் கிழிந்த செதிளோடு மேலேறுகின்றன. முட்டையிட்டு முடிந்ததும் செத்துப்போகின்றன. சிறுவர்களை அழைத்துப்போய்க் காட்ட இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

இந்த இரண்டு தடங்களும் சேர்ந்து ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர். மெதுவாக நடப்பவர்களுக்கும் அரை நாள் போதும். ஒரு பகல் முழுவதும் நடக்க விரும்புகிறவர்கள் ட்வின் ரிவர்ஸ் வீதியிலிருந்து தெற்கே போகும் மாஸ்ட் தடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு கப்பல்களின் பாய்மரக் கம்பங்களுக்காக நெடிய வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி இழுத்துச் சென்ற வழி அது. பெயரும் அதனால் வந்ததே. அதற்கும் முன்பு, 17ஆம் நூற்றாண்டில், இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் செனிகா என்ற பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்று இருந்தது. வடக்கேயுள்ள சிம்கோ ஏரிக்குப் போகும் அவர்களுடைய நடைவழி இங்கிருந்துதான் புறப்பட்டது. நாம் காலடி வைக்கும் பாதைகளுக்கு நம்மைவிட மிக நீண்ட வரலாறு உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இத்தனை பெரிய நகரத்துக்குள் இப்படிப் பள்ளத்தாக்குகளும் காடும் எப்படித் தப்பின என்று கேட்கலாம். ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணலையும் களியையும் ஆறுகள் அறுத்து இந்தப் பள்ளங்களை உண்டாக்கின. ரொறன்ரோ நிலப்பரப்பில் 17 வீதம் இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளே. ஆனால் அவை வீடுகளால் நிரம்பாமல் இருப்பதற்கு ஒரு பெருந்துயரமும் காரணம். 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி வீசியது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். நகரின் மேற்கே ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேரை வெள்ளம் கொண்டுபோயிற்று. அதன் பிறகே ஆற்றுப் பள்ளங்களில் வீடு கட்டுவது தடுக்கப்பட்டது. 1957இல் உருவான இயற்கைவளப் பாதுகாப்பு அதிகாரசபை வெள்ளச் சமவெளிகளைப் பொதுநிலமாக வாங்கத் தொடங்கியது. இன்று நாம் சும்மா நடந்துபோகும் நிழலுக்குப் பின்னால் அந்த உயிர்கள் இருக்கின்றன.

ரூஜ் பகுதிக்கு மட்டும் இன்னொரு போராட்டமும் உண்டு. 1972இல் ரூஜை அடுத்துள்ள பிக்கரிங்கில் விமான நிலையம் கட்டுவதற்காக மத்திய அரசு பெரும் நிலத்தைக் கையகப்படுத்தியது. அந்தப் பண்ணை மக்களும் சூழல் ஆர்வலர்களும் பல பத்தாண்டுகள் எதிர்த்து நின்றார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதி முன்பே பூங்காவோடு சேர்ந்தது. 2025 ஜனவரியில், விமான நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசு அறிவித்தது. நிலத்தைச் சும்மா விடச்சொல்லிப் போராடுவது எவ்வளவு கடினம் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம்மவர்கள் காட்டுக்குள் போகத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. இலங்கையின் வன்னியில் போரால் இடம்பெயர்ந்து, பற்றைக் காடுகளின் ஓரம் தறப்பாளின் கீழ் இரவுகளைக் கழித்தவர்கள் நம்மிடையே ஏராளமானோர். அவர்களுக்குக் காடு பொழுதுபோக்கும் இடம் அல்ல. மரங்கள் நெருக்கமாக நிற்கும் பாதையில் நுழையும்போதே உடல் இறுகுவதாக ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அப்படிப்பட்டவர்களை வற்புறுத்தி அழைத்துப்போகாதீர்கள். ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் முகத்துவாரத்தில் திறந்த வெளியும் மணலும் சதுப்பும் உண்டு. வானம் முழுவதும் தெரியும் அந்த இடத்தில் உட்கார்ந்து கொக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தாலே போதும். ரூஜ் ஹில் கோ ரயில் நிலையத்திலிருந்து அங்கே நடந்தே போகலாம்.

இனி, தமிழில் எழுதப்பட்டே ஆக வேண்டிய சில எச்சரிக்கைகள். ஆங்கிலப் பலகைகளில் இருப்பதை முதியவர்களில் பலர் படிப்பதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

கருங்கால் உண்ணி இந்தப் பூங்காவில் உண்டு. லைம் நோயைப் பரப்புவது அதுதான். எள்ளளவே இருக்கும், கடித்தது வலிக்காது. கோடையில் மட்டும் அல்ல, வெப்பநிலை நான்கு பாகையைத் தாண்டினாலே அது நடமாடும். நீண்ட காற்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். சேலையோடு புல்லுக்குள் இறங்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் பூசுவது, சுடுவது போன்ற கைவைத்தியம் ஒன்றும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் ஆபத்து மிகக் குறைவு. பின்னர் காய்ச்சலோ பரவும் சிவப்புத் தடிப்போ கண்டால் மருத்துவரிடம் காட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.

அடுத்தது பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி. ஒரு காம்பில் மூன்று இலைகள், நடு இலையின் காம்பு மட்டும் நீளம். பட்டால் ஓரிரு நாளில் தோல் சிவந்து கொப்பளிக்கும். நம் ஊர்ச் சேங்கொட்டையின் பால் பட்டால் என்ன ஆகும் என்று அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டும் மா, முந்திரி மரங்களின் குடும்பம்தான். பட்ட இடத்தை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இளவேனிலில் சிலர் பையோடு வந்து செடிகொடி பறிப்பதைக் கண்டிருக்கிறேன். கீரை என்றால் கை நீளும் பழக்கம் நமக்கு ஊரிலிருந்தே உண்டு, அது நல்ல பழக்கம்தான். ஆனால் இது தேசியப் பூங்கா. இங்கே ஒரு செடியைப் பிடுங்குவதும் சட்டப்படி குற்றம். அழியும் நிலையிலிருக்கும் பிளாண்டிங் ஆமைகளை 2014 முதல் குஞ்சாக வளர்த்து இந்தச் சதுப்புகளில் விட்டுவருகிறார்கள். எண்பது ஆண்டுகள்கூட வாழக்கூடிய ஆமைகள் அவை. அவற்றுக்கு மிச்சமிருக்கும் இடம் இது. தடத்தைவிட்டு விலகாமல் நடப்பதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி. மழை பெய்த மறுநாள் களிமண் சரிவுகள் வழுக்கும். பிடிப்புள்ள சப்பாத்து இல்லாதவர்கள் அன்று விஸ்டா தடத்தைத் தவிர்த்து ஓர்ச்சட்டிலேயே போய்த் திரும்பட்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, இலையுதிர்காலச் சிறப்பிதழில் ரூஜ் காட்டின் ஒரு சுற்றுப் பாதையை வரைபடத்தோடு, பஸ் விவரத்தோடு, மேலே சொன்ன எச்சரிக்கைகளோடு ஒரு முழுப் பக்கத்தில் வெளியிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கக்கூடிய பக்கமாக அது இருக்கட்டும். மற்றது, உண்ணியையும் நச்சுக்கொடியையும் பற்றிய பலகைகளைத் தமிழிலும் வைக்க வேண்டும் என்று பூங்கா நிர்வாகத்துக்கு உங்கள் பத்திரிகையின் பெயரில் எழுதுங்கள். ஸ்காபரோவில் நாம் எத்தனை ஆயிரம் பேர் வாழ்கிறோம் என்பதை நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லக்கூடிய குரல் உங்களுடையது. ஸ்ரெயின்ஸ் வீதியில் திட்டமிடப்பட்டிருக்கும் தமிழ்ச் சமூக மையம் இந்தக் காட்டுக்குப் பக்கத்திலேயே அமையப்போகிறது. அதை நடத்தப்போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். முதியவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கும் ஒரு வாராந்த நடைக்குழுவை அவர்கள் தங்கள் திட்டத்தில் சேர்க்கட்டும். வழிகாட்டிச் செல்ல ஆள் வேண்டுமென்றால் என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

சால்மன் ஏறும் காலத்துக்கு முன்பே அந்தப் பக்கம் வெளிவந்துவிட்டால் மிகவும் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஸ்காபரோ