ஃபுட் அசெண்டர் ஏறத்தான், உசுரப் புடிக்க இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல உள்பக்கத்துல நாலு வரி செய்தி ஒண்ணு பார்த்தேன், வீட்டு மேல சாஞ்ச கிளைய வெட்ட மரத்துல ஏறினவரு தவறி விழுந்து இறந்துட்டாருன்னு. வயசு போட்டிருந்தீங்க, ரெண்டு புள்ளைங்க இருக்குன்னு போட்டிருந்தீங்க, ஆனா அவரு இடுப்புல என்ன கட்டியிருந்தாரு, எந்தக் கயித்துல தொங்கினாரு, இல்ல ஒண்ணுமே கட்டாமத்தான் ஏறினாரான்னு ஒரு வார்த்த இல்ல. நானும் அதே தொழில் பண்றவன்ங்க, எனக்கு மொதல்ல அதுதான் தெரியணும். இனிமே இந்த மாதிரி செய்தி வந்தா உங்க நிருபர அந்த ஒரு கேள்விய மட்டும் கேட்கச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

நான் பட்டுக்கோட்டை பக்கம். சிங்கப்பூர்ல ஒன்பது வருசம் ரோட்டோர மரம் கழிக்கிற வேலைதான் பார்த்தேன். அங்க 3 மீட்டருக்கு மேல விழ வாய்ப்பு இருக்கிற வேலைன்னா பர்மிட் போடாம ஆரம்பிக்க முடியாது. 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சப்பவும் நான் அங்கதான், வீட்டுக்கு போன் போட்டா எடுக்கல, அந்த ரெண்டு நாள் எப்படிப் போச்சுன்னு இப்பவும் நெனைக்கப் புடிக்கல. அடுத்த வருசமே ஊரோட வந்துட்டேன். வந்து பார்த்தா செயின்சா வாங்கினவங்க எல்லாம் மரம் வெட்டுறவங்க ஆயிட்டாங்க, ஒருத்தர் இடுப்புலயும் ஹார்னெஸ் இல்ல, அதான் கயித்தோட ஆள இணைக்க இடுப்புலயும் தொடையிலயும் மாட்டுற பாதுகாப்பு பெல்ட்டு.

இப்ப ஒரு ரெண்டு வருசமா புதுசா ஒண்ணு பார்க்குறேன், அதுக்காகத்தான் இந்த லெட்டரே. நம்ம பசங்க போன்ல வீடியோ பார்த்துட்டு ஃபுட் அசெண்டர் வாங்கிடுறாங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், ஷூவுல பட்டை போட்டுக் கட்டுற சின்ன கிளிப்பு அது, பாதத்துக்கு உள்பக்கமா இருக்கும், அதுல ஸ்பிரிங் வச்ச பல்லு ஒண்ணு. கால மேல தூக்குனா கயிறு வழுக்கிட்டு உள்ள ஓடும், கால அமுக்குனா பல்லு கயித்தக் கவ்வும், அந்தப் புடியில நீங்க எந்திரிச்சு நிக்கலாம். இன்னொரு கால் முட்டிக்கும் ஒண்ணு மாட்டிக்கிட்டா மாடிப்படி ஏறுற மாதிரியே ஏறிப் போலாம். முன்னாடி எல்லாம் கயித்த ஒரு பாதத்துல சுத்தி இன்னொரு பாதத்தால அமுக்கி வயித்தச் சுருட்டிச் சுருட்டி ஏறுவோம், 40 அடி போறதுக்குள்ள கை நடுங்கும், அப்புறம் அதே கையால ரம்பத்தப் புடிக்கணும். ஃபுட் அசெண்டர் வந்த பிறகு அந்த நடுக்கம் போச்சு, அதனால இது வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். பனை ஏறுற பெரியவங்க ரெண்டு காலுக்கும் தளைநார் போட்டு ஏறுறதப் பார்த்திருக்கீங்களா, பாரம் பூரா கால்ல இருக்கும், கை மரத்த அணைச்சுப் புடிக்க மட்டும்தான். அதே சூட்சுமம்தான் இதுவும்.

ஆனா பசங்க இத பாதுகாப்பு சாமான்னு நம்பி வாங்குறாங்க, அங்கதான் எனக்கு வயிறு கலங்குது. ஃபிரான்ஸ்ல பெட்சல்னு ஒரு கம்பெனி 'பான்டின்' (Pantin)னு பேரு வச்சு இத விக்கிறாங்க, 8 மில்லிமீட்டர் தடிமன் கயித்துலேர்ந்து 13 மில்லிமீட்டர் வரைக்கும் ஓடும், அந்தக் கம்பெனிக்காரங்களே இது பாதுகாப்பு சாதனம் இல்லன்னு தெளிவா எழுதித்தான் குடுக்குறாங்க. உசுரப் புடிக்கிறது ஹார்னெஸ்ல மாட்டி கயித்தக் கவ்வியிருக்கிற முடிச்சோ டிவைஸோ தான், அது இல்லாம ஃபுட் அசெண்டர் மட்டும் இருந்தா அது வெறும் செருப்புக்குச் சமம். போன வைகாசியில ஒரு தோப்புல பார்த்தேன், இருபது இருபத்திரண்டு வயசுப் பையன், கிளை மேல கயித்தப் போட்டு, கால்ல புத்தம்புது ஃபுட் அசெண்டர், மேல ரெண்டு கையி, இடுப்புல ஒண்ணும் கிடையாது, 25 அடியில நிக்கிறான். கயிறு வேற லாரி தார்ப்பாய் கட்டுற நைலான் முறுக்குக் கயிறு. கீழ இறங்குப்பான்னு நான் சத்தம் போடல, பயந்துடுவான், தம்பி மெதுவா வான்னு சொல்லிக்கிட்டே நின்னேன். இறங்கி வந்ததும் ஏண்ணே இது லாக் ஆகும்லன்னு கேட்டான். லாக் ஆகும்ப்பா, ஆனா கயித்த எப்படிக் கழட்டுறது, கால பின்னாடி உதறினா கழண்டுடும்ல, வழுக்குற நேரத்துல உன் காலு எந்தப் பக்கம் போகும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் தரையவே பார்த்துட்டு நின்னான். சில மாடல்ல கயிறு தானா கழளாம இருக்க சின்ன கொக்கி இருக்கு, ஆனா கை வுட்டுப் போச்சுன்னா காலு மட்டும் மேல மாட்டி தலைகீழாத்தான் தொங்கணும்.

ஒழுங்கா எல்லாம் மாட்டியிருந்தாலும் இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, அத நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க ஊரு குளத்தங்கரை தூங்குமூஞ்சி மரத்துல காஞ்ச கொப்பு கழிக்க ஏறினேன், பாதி தூரத்துல கதண்டு கெளம்பிடுச்சு. கதண்டுன்னா எங்க பக்கத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும், விஷக் குளவி, ஆளையே கொன்னுடும். சட்டுனு ஹார்னெஸ்ல உக்காந்து இறங்கப் பார்த்தா ரெண்டடி இறங்கி நின்னுட்டேன், வலது காலு மட்டும் மேல, முட்டி நெஞ்சுல இடிக்குது. ஃபுட் அசெண்டர் மேல போற பக்கம்தான் கயித்த விடும், கீழ இறங்க விடாது, கழட்டாம இறங்குனது என் தப்பு. கயித்துல முழு பாரம் இருக்கிறப்ப உதறினா கழளாது, திரும்ப ஒரு இழு இழுத்து மேல போயி பாரத்த எடுத்துட்டு, பின்னாடி மூணு தடவ உதறி, அதுக்குள்ள கழுத்துல ரெண்டு கொட்டு. கீழ நின்ன மச்சான் சாக்க நனைச்சுப் போத்தித் தூக்கிட்டுப் போனாரு, ஒரத்தநாட்டுக்குப் போயி ஊசி போட்டு வந்தோம். அன்னிக்கிருந்து கிளைக்குப் போயி உக்காந்த மறு நிமிசம் மொதல் வேலை கால உதறிக் கழட்டுறதுதான், ரம்பத்தத் தொடுறது அப்புறம்.

இந்த மாதிரி சின்னச் சின்ன விசயம் எதுவும் ரெண்டு நிமிச வீடியோவுல வராது. மொதல் பத்து அடி ஏறுற வரைக்கும் காலுக்குக் கீழ தொங்குற கயித்துல பாரம் இல்லாததால கயிறு காலோடயே மேல வரும், கீழ ஒரு ஆள் வால்கயித்தப் புடிச்சுக் குடுக்கணும், இதுகூட தெரியாம சாமான் சரியில்லன்னு தூக்கிப் போட்டவங்க இருக்காங்க.

தென்னைக்கு நடந்தத பாருங்க. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல 'தென்னை மரங்களின் நண்பர்கள்'னு திட்டம் கொண்டுவந்து ஆறு நாள் பயிற்சி குடுத்து ஏறுற மெஷினும் கையில குடுத்தாங்க, ஏறுறவங்களுக்குன்னு இன்சூரன்ஸும் இருக்கு. புளி, தூங்குமூஞ்சி, வேம்புன்னு கிளை மரத்துல ஏறுறவனுக்கும் அதே மாதிரி ஆறு நாள் போதும்ங்க. ஐடிஐ-லயோ வேளாண் அறிவியல் மையத்துலயோ ஒரு பெரிய மரம் இருந்தா அதுவே கிளாஸ் ரூம். புயல் வந்தா கிளை வெட்ட ஆள் எடுக்குற நகராட்சியும் கரண்டு ஆபீசும் காண்ட்ராக்ட்லயே ஹார்னெஸ், சரியான கயிறு, கீழ நிக்கிற ரெண்டாவது ஆள்னு எழுதிடணும், அந்தக் காசு ஒரு உசுருக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

அந்த லாரிக் கயித்துப் பையன் இப்ப ஞாயித்துக்கிழமை காலையில எங்ககிட்ட வர்றான், கூட இன்னும் ரெண்டு பேரு. மொதல் மாசம் பூரா அவங்களுக்கு முடிச்சும் இறங்குறதும்தான். ஃபுட் அசெண்டர் என் பையிலதான் இருக்கு, இன்னும் குடுக்கல.

இப்படிக்கு,
மரக்கிளை கழிக்கும் தொழிலாளி,
பட்டுக்கோட்டை வட்டம்.