கேத் லேபுக்கு வெளியே நின்றவர்களுக்கு

மதுரை மக்களுக்கும், என்னோடு வேலை பார்த்த எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு அரசு இதய மருத்துவர் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். மேடையில் நன்றி சொன்னால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

"டாக்டருக்குக் கைராசி" என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்தவர்களின் கதையில் என் கைக்கு இருக்கிற பங்கு கொஞ்சம்தான். மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை விட்டு, அடைப்பைத் திறந்து, ஸ்டென்ட் என்கிற சிறு வலைக்குழாயை வைப்பது, கேத் லேப் என்கிற அறையில் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அதற்கு முன்னால் இருந்த சில மணி நேரமும், அப்புறம் வந்த பல வருடங்களும் வேறு ஆட்களின் கையில் இருந்தன. இந்த மடல் அவர்களுக்கு.

முதலில், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கு. ரத்தம் போகாத இதயத் தசை நேரம் ஆக ஆகச் செத்துக்கொண்டே வரும், செத்தது திரும்ப வளராது. நம் ஊரிலோ நெஞ்சு வலி வந்தால் வாயு என்று சொல்லிச் சோடா குடிப்பார்கள், ஓமத் தண்ணீர் குடிப்பார்கள், விடியட்டும் என்று படுத்துக்கொள்வார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சிரைப்புமாக வரலாம். அப்படி வந்தவரை, "இருங்கண்ணே, ஈசிஜி எடுத்துட்டுப் போங்க" என்று கையைப் பிடித்துப் படுக்க வைத்தவர்கள் நீங்கள். 2023 ஜூனில் இதயம் காப்போம் திட்டம் வந்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறீர்கள். மேலூர்ப் பக்கமிருந்து ஒரு சிஸ்டர் அனுப்பும் சீட்டு எனக்கு எப்போதும் அடையாளம் தெரியும். மாத்திரை கொடுத்த நேரத்தைச் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, ஈசிஜி தாளை மடிக்காமல் பின் அடித்திருப்பார். அந்தச் சீட்டைப் பார்த்த உடனே நான் அடுத்த முடிவை எடுத்துவிடலாம். யாரிடமும் எதையும் திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

108 தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என்ன சொல்வது! "சார், பத்து நிமிஷத்துல வந்துருவோம், பிரஷர் கம்மியா இருக்கு" என்று வழியிலேயே கூப்பிட்டுச் சொன்னீர்களே, அந்த ஒரு போனில் இங்கே லேப் தயாராகிவிடும். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் கோரிப்பாளையத்தில் ஆள் நகர இடமிருக்காது. அந்தக் கூட்டத்திலும் சைரன் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்ட மக்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் நன்றி.

லேப் டெக்னீஷியன்களும் சிஸ்டர்களும் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் கனத்த ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு நடுராத்திரியிலும் முகம் சுளிக்காமல் நின்றீர்கள். உங்களுக்கு நேரிலேயே சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

இனி, ஞாயிற்றுக்கிழமைகளில் என் நோயாளிகளோடு நான் சைக்கிள் ஓட்டுகிற விஷயம்.

எனக்கு இதயவியல் கற்றுத்தந்த பேராசிரியர், ரவுண்ட்ஸ் வரும்போது பால் டட்லி வைட் பற்றி அடிக்கடி பேசுவார். பாஸ்டன் நகரத்து இதய மருத்துவர். 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தபோது அழைக்கப்பட்டவர் அவர்தான். அந்தக் காலத்தில் மாரடைப்பு என்றாலே வாரக்கணக்கில் படுக்கைதான். வைட் தன் நோயாளியை எழுப்பினார், நடக்கச் சொன்னார், வேலைக்குத் திரும்பலாம் என்றார். ஐசனோவர் அடுத்த ஆண்டே தேர்தலில் நின்று மறுபடி ஜெயித்தார். வைட் தானும் சைக்கிள் ஓட்டியவர், ஊரையும் ஓட்டச் சொன்னவர். பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரைச் சைக்கிள் பாதைக்கு இன்றும் அவர் பெயர்தான். "படுத்திருக்கிறவனை எழுப்பி விடுறதும் வைத்தியம்டா" என்பார் என் ஆசிரியர். அய்யா, அந்தப் பாடத்துக்கு நன்றி.

அதே பேராசிரியர்தான் 1953இல் வெளிவந்த லண்டன் பஸ் ஆய்வையும் படிக்கச் சொன்னார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடி பஸ்ஸின் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெர்ரி மாரிஸ் காட்டிய ஆய்வு அது. மாட்டுத்தாவணியில் பஸ் எடுக்கும் ஓட்டுநர் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தபோது அவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப எனக்கு எது சார் படிக்கட்டு?" என்று கேட்டார். சைக்கிள் என்றேன். சொல்கிற நானும் ஓட்டத்தானே வேண்டும்?

அப்படித்தான் செல்லூரில் அந்தச் சைக்கிள் கடை அண்ணனிடம் போய் நின்றேன். பழைய வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து, வீல் கோட்டம் எடுத்து, என்னை ஏறி உட்காரச் சொல்லி, பெடல் கீழே வரும்போது என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "லேசா மடங்கியிருக்கணும் சார். விறைச்சு நீட்டுனா இடுப்பு ஆடும்." சீட்டை ஒரு விரற்கடை இறக்கினார். பிற்பாடு என் நோயாளிகள் யார் போனாலும் அதே பொறுமையோடு உட்கார வைத்துப் பார்த்தார். அண்ணே, ரொம்ப நன்றி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் சாலையில் என்னோடு வந்தவர்களே, நீங்கள் என்னை நம்பி ஏறியது சாதாரணக் காரியமில்லை. எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் பார்க்காமல் யாரையும் நான் வரச் சொன்னதில்லை, இனியும் யாரும் அப்படிக் கிளம்ப வேண்டாம். கடச்சனேந்தல் தாண்டியதும் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதிக்க வேண்டும், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்பதுதான் நம் கணக்கு. இதயத் துடிப்பைக் குறைக்கிற மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. அப்புறம் அந்த ஹெல்மெட். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிற உடம்பு தலைகுப்புற விழுந்தால் ஆபத்து அதிகம். உச்சி வெயிலிலும் முணுமுணுக்காமல் போட்டீர்கள். பாதி வழியில் நெஞ்சு இறுகுகிறது என்று வெட்கப்படாமல் இறங்கி நின்றாரே ஒரு சார், அவருக்குத் தனியாக நன்றி. அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வலியை மறைக்காமல் சொல்லத் தொடங்கினார்கள்.

பெண்கள் வரவே இல்லை, முதலில். வார்டு சிஸ்டர் ஒருவர் புதுக்கோட்டைக்காரர், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய நாட்களில் பழகியவர். "நான் முன்னாடி போறேன், அவங்க வருவாங்க சார்" என்றார். வந்தார்கள். நான் எத்தனை சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாலும் அது நடந்திருக்காது.

அப்பன்திருப்பதி டீக்கடை அக்கா, சர்க்கரை போடாத டீயும் வடைக்குப் பதில் சுண்டலும் எங்களுக்காகவே எடுத்து வைத்தீர்கள். நன்றி.

நாங்கள் காப்பாற்ற முடியாமல் போனவர்களின் குடும்பத்தாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் கணவரை இழந்த ஓர் அம்மா, காரியமெல்லாம் முடிந்த கையோடு மகனைக் கூட்டிக்கொண்டு புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நின்றார். "இவனுக்கும் பாத்திருங்க சார்" என்றார். அப்பாவுக்கு இள வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்குக் கொழுப்பைச் சோதிக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவராகவே வந்தார். பையனுக்குக் கெட்ட கொழுப்பு ஏகமாக இருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், சிகரெட்டை விட்டுவிட்டான், ஞாயிறுகளில் எங்களோடு வருகிறான். அம்மா, அந்தத் துக்கத்திலும் எங்களை நம்பி அவனைக் கூட்டிவந்தீர்களே, உங்களுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்