இரண்டே படி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பெண், சென்னை வக்கீல் ஒருவரின் பேச்சைக் கைப்பேசியில் காட்டி, "தாத்தா, புருஷன் கொடுமைக்கு 13ஆம் பிரிவில் மணவிலக்குக் கேஸ் போடலாமாமே?" என்று கேட்டாள். அது இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். அதில்கூட 1976 திருத்தத்தில்தான் கொடுமை மணவிலக்குக்குக் காரணமாகச் சேர்ந்தது. மலேசியாவில் கோயிலில் தாலி கட்டினாலும், முஸ்லிம் அல்லாத நமக்கு 1982 மார்ச் 1 முதல் 164ஆம் சட்டம் எனப்படும் திருமண, மணவிலக்குச் சட்டம்தான். அதன் 54ஆம் பிரிவு, இந்த ஆளோடு வாழச் சொல்வது நியாயமில்லை என்னும்படி அவர் நடந்துகொண்டாரா என்று பார்க்கிறது.

சட்டம் வேறானாலும் நிரூபிக்கிற பாடு ஒன்றுதான். 1975இல் தாஸ்தானே வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், கொலை வழக்குபோல் சந்தேகமே இல்லாமல் காட்ட வேண்டியதில்லை, எது நடந்திருக்கக்கூடும் என்று எடைபோட்டால் போதும் என்றது. ஆனால் மனைவியால் கொடுமைப்பட்ட அந்தக் கணவருக்கு, சட்டப்படி பிரிந்து வாழும் உத்தரவு கிடைக்கவில்லை. அதற்கப்புறமும் மனைவியோடு வாழ்ந்ததால் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள். நம் பெண்கள் பிள்ளைகளுக்காக எத்தனை முறை திரும்பிப் போகிறார்கள்!

நான் ரப்பர் தோட்டத்தில் டிரெஸ்ஸராக, அதாவது கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருந்தவன். 1980களின் கடைசியில் பால்வெட்டுக்காரப் பெண் ஒருத்தி ஒரே வருஷத்தில் மூன்று முறை கிளினிக்குக்கு வந்தாள். ஒருமுறை முன்கை வீங்கியிருந்தது, கண்ணாடி வளையல் துண்டு சதைக்குள் இருந்தது. "படியில விழுந்துட்டேன்னு எழுதுங்க ஐயா" என்றாள். எழுதினேன், மூன்று முறையும். அவள் இருந்த லயத்து வீட்டுக்கு இரண்டே படி. அது எனக்குத் தெரியாதா? அவள் புருஷனும் நானும் ஒரே கோயில் கமிட்டி.

பிறகு ஈப்போவில் வழக்கு வந்தபோது, நான் எழுதியதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் வாசித்தார். கடைசியில் அடி உதையைச் சொல்லி அவள் ஜெயிக்கவில்லை. இரண்டு வருஷம் தனியாக வாழ்ந்ததைக் காட்டித்தான் விலக்கு வாங்கினாள்.

இப்போது கிளினிக்கில் இருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். அவள் சொன்னதை எழுதுங்கள், அதன்கீழ் நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்: எந்த இடம், எத்தனை அங்குலம், என்ன நிறம், பழைய தழும்பு உண்டா. பெண்கள் அன்றைக்கே போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். மணவிலக்கு வழக்குக்கு முன் சமரசக் குழு உண்டு, அதற்கும் இந்தத் தாள்களைக் கொண்டு போகவேண்டும்.

அந்தப் பெண்ணை அடுத்த செவ்வாய் ஈப்போ சட்ட உதவி அலுவலகத்துக்குக் கூட்டிப் போகிறேன். காயங்களின் படங்களைத் தேதியோடு அச்செடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தோட்ட டிரெஸ்ஸர்,
சுங்கை சிப்புட், பேராக்