ரகுமானுக்கு ஒரு மாதம், டெய்லர் ஸ்விஃப்டுக்கு கால் மணி நேரமா?

எங்கள் அடுக்ககத்தின் தமிழ் இசை ரசிகர் குழுவினருக்கு,

வணக்கம். 'இனி மாதக் கூட்டத்தில் தமிழ்த் திரைப்பாடல் மட்டும்' என்ற அறிவிப்பைப் பார்த்தேன். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் புது ஆல்பத்தைப் போட்ட அன்று நடந்த சண்டைதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த முடிவைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பெங்களூரில் மற்ற தமிழ்க் குழுக்களிலும் இதே பஞ்சாயத்து நடப்பதாகக் கேள்விப்பட்டதால் பொதுவில் எழுதுகிறேன்.

'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' என்ற அந்த ஆல்பம் 2025 அக்டோபர் 3 அன்று வந்தது. 12 பாட்டு, மொத்தம் 42 நிமிடம்கூட இல்லை. சாயங்காலம் சில்க் போர்டில் காரில் ஏறினால் மாரத்தஹள்ளி வருவதற்குள் ஆல்பமே முடிந்துவிடும். அதை நாம் நாலு பாட்டோடு நிறுத்திவிட்டோம். ஐந்தாவது தொடங்கும்போதே "இதெல்லாம் ஒரு பாட்டா, மாத்துப்பா" என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்துவிட்டது.

முன்வரிசை அண்ணன்மாரே, உங்களிடம்தான் கேட்கிறேன். ரகுமான் பாட்டு வந்த புதிதில் யாராவது நன்றாக இல்லை என்று சொன்னால் என்ன சொல்வீர்கள்? "அவர் பாட்டு ஸ்லோ பாய்சன், கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்." ஒரு மாதமாவது கேட்டுவிட்டு வந்து பேசு என்று பையன்களை விரட்டியிருக்கிறீர்கள். கேசட் காலத்தில் காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்பதற்காகவே பி சைடையும் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட தலைமுறை நாம். அந்தப் பொறுமையில் பாதியை இந்தப் பெண்ணுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அதற்காகப் பின்வரிசை நியாயம் பேசியது என்று சொல்லவில்லை. தம்பி தங்கைகளா, நீங்கள் எடுத்துவிட்டது முழுக்க எண்ணிக்கை. முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்து 40 லட்சத்துக்கு மேல் விற்பனை, 2015-இல் பாடகி அடேல் வைத்திருந்த சுமார் 35 லட்சம் சாதனை காலி, சரி. அதே ஆல்பத்தை அட்டையை மாற்றி, கூட ஒன்றிரண்டு பதிவைச் சேர்த்து, 30-க்கும் மேற்பட்ட வடிவங்களில் விற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே ரசிகர் நாலைந்து வாங்கினால் அதுவும் அந்தக் கணக்கில்தான் வரும். நல்ல வியாபாரம்தான், பாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. விமர்சகர்களைத் துணைக்கு அழைத்தும் பயனில்லை. 'ரோலிங் ஸ்டோன்' இசை இதழ் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது, 'கார்டியன்' நாளிதழ் இரண்டோடு நிறுத்திக்கொண்டது. அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நடுவே இந்தப் பாட்டு எந்தப் பழைய காதலரைப் பற்றியது, அந்தப் பாட்டு எந்தப் பாடகியைத் தாக்குகிறது என்று ஒரு தனிக் கச்சேரி. டெய்லரின் கல்யாண நிச்சயம் வரைக்கும் போய்விட்டோம்.

அன்றைக்குப் பாட்டைப் பற்றிப் பேசியவர் ஒரே ஒருவர், சி பிளாக் அக்கா. நாலாவது பாட்டில் பல்லவி வந்ததும் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "இரு இரு, இது ஜார்ஜ் மைக்கேல் மெட்டு மாதிரி இருக்கே! காலேஜ்ல படிக்கும்போது பிரிகேட் ரோடுல கேசட் வாங்கிக் கேட்டது" என்றார். அவர் சொன்னது ரொம்பச் சரி. ஆங்கிலப் பாடகர் ஜார்ஜ் மைக்கேலின் 1987-ஆம் வருடப் பாட்டின் ஒரு பகுதியை எடுத்தாண்டு, அவர் பெயரையும் பாடல் எழுதியவர்களில் ஒருவராகப் போட்டிருக்கிறார்கள். பழைய மெட்டு புதுப் பாட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது, அது மரியாதையா, சோம்பலா என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். அக்காவின் பேச்சு யார் காதிலும் விழவில்லை. அவரும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். மேக்ஸ் மார்ட்டின், ஷெல்பேக் என்ற ஸ்வீடன் இசைத் தயாரிப்பாளர்கள் இருவருடன் 2017-க்குப் பிறகு இந்த ஆல்பத்தில்தான் டெய்லர் மறுபடி சேர்ந்திருக்கிறார். மெட்டில் அந்தக் கைப்பக்குவம் தெரிகிறது. முதல் பாட்டில் பியானோ முடிந்து டிரம்ஸ் இறங்குகிற இடமும், அதன் பிறகு பேஸ் கிதார் நகர்கிற நடையும் ஹெட்போனில் கேட்டால் விட்டுவிட மனம் வராது. வரிகள்தான் ஏமாற்றம். 2020-இல் 'ஃபோக்லோர்' ஆல்பத்தில் கதை கதையாக எழுதியவர், இதில் சில இடங்களில் இணையத்துக் கொச்சையைக் கொண்டு ஒப்பேற்றியிருக்கிறார். குறிப்பாக அந்த ஐந்தாவது பாட்டு. "மாத்துப்பா" என்று கத்தியவர்கள் முழுதாகக் கேட்டிருந்தால் திட்டுவதற்கு நல்ல காரணமே கிடைத்திருக்கும்!

ஆகவே நிர்வாகிகளே, மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் சினிமா அல்லாத ஆல்பம் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். எந்த மொழியானாலும் சரி, வரிசைப்படி முழுதாகப் போட வேண்டும். ஓடும்போது யாரும் பேசக்கூடாது. பேசும்போது விற்பனைக் கணக்கும் கல்யாணக் கதையும் கூடாது. கூட்டம் வராது என்று நினைத்தால் அதே நாளில் கடைசி அரை மணி நேரம் ராஜா பாட்டு போடுங்கள், தானாக வருவார்கள். முதல் வாய்ப்பு சி பிளாக் அக்காவுக்கு, ஆல்பத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஸ்பீக்கர் என் பொறுப்பு. கிளப் ஹவுஸ் சாவிக்குச் செயலாளர் சாரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். போன தடவை நடந்த ரகளைக்குப் பிறகு நான் கேட்டால் கொடுக்க மாட்டார்.

இப்படிக்கு,
பி பிளாக் உறுப்பினர் ஒருவர்