ஐந்து சதவீத வளர்ச்சியும் என் கடைக் கொப்பியும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலிருந்து இலங்கை மீண்டுவிட்டதா, முழுதாக மீள இன்னும் எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று தங்கள் பத்திரிகையில் சில வாரங்களாக நடக்கும் வாதத்தை ஒன்று விடாமல் வாசித்து வருகிறேன். கட்டுரையாளர் 2024ஆம் ஆண்டின் ஐந்து சதவீத வளர்ச்சியைக் காட்டி, கண்டம் தாண்டிவிட்டோம் என்கிறார். அவருக்குப் பதில் எழுதிய வாசகரோ, பத்து வருடம் போனாலும் விடிவில்லை என்று கையை விரித்துவிட்டார். பருத்தித்துறையில் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவன் நான். இருவரும் கணக்கைப் பாதியிலேயே மூடிவிட்டார்கள் என்பதுதான் என் முறைப்பாடு.

சதவீதத்தில் ஒரு கள்ளம் உண்டு. 2021இல் நாட்டின் மொத்த உற்பத்தியை நூறு என்று வையுங்கள். 2022இல் அது 7.3 சதவீதம் சுருங்கியது. மிச்சம் 92.7. அடுத்த ஆண்டு மேலும் 2.3 சதவீதம் கரைந்து 90.6க்கு இறங்கியது. 2024இல் ஐந்து சதவீதம் வளர்ந்து 95க்கு வந்தோம். 2025க்கும் அதே ஐந்தை வைத்தால்தான் நூறைத் தொட்டும் தொடாமலும் நிற்போம். நான்கு ஆண்டு நடந்து, புறப்பட்ட படலையடிக்கே வந்து சேருகிறோம். அந்த நூறும் கொரோனாவில் அடிபட்டு அரைகுறையாக எழுந்த நூறு. 2018ஆம் ஆண்டின் அளவை நாடு இன்னும் எட்டவில்லை என்று 2025இல் உலக வங்கியே சொன்னது.

விலைவாசிக் கதையும் இப்படித்தான். 2022 செப்டம்பரில் கொழும்பில் எழுபது சதவீதத்தை ஒட்டி நின்ற பணவீக்கம், 2024 செப்டம்பர் முதல் பல மாதம் பூச்சியத்துக்கும் கீழே கிடந்தது. வானொலியில் அந்தச் செய்தி போன மறுநாள் காலை ஒரு அம்மா வந்து, "பணவீக்கம் இறங்கிவிட்டதாமே, பால்மா ஏன் இறங்கவில்லை?" என்று என்னிடம் கணக்குக் கேட்டார். 400 கிராம் பால்மாப் பக்கெட் 2022 மார்ச்சில் 540 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 790 ஆனது. இன்று ஆயிரத்துக்கு மேல். எல்லாப் பொருளையும் சேர்த்துப் பார்த்தால் முந்தின ஆண்டைவிட விலை சற்றுத்தான் இறங்கியது, 2022இல் ஏறின ஏற்றம் பெரும்பாலும் ஏறினபடியே நிற்கிறது என்று அவருக்கு விளங்கப்படுத்த முயன்றேன். நான் ஏதோ ஒளிக்கிறேன் என்ற முகத்தோடுதான் போனார்.

என்னிடம் வேறொரு புள்ளிவிபரம் இருக்கிறது. கடன் கொப்பி. 2021 கொப்பியைப் புரட்டினால் "சீனி 2 கிலோ, பருப்பு 1 கிலோ, பால்மா 1" என்று என் கையெழுத்து சாவகாசமாக ஓடுகிறது. 2022 நடுப்பகுதியில் நிறையே காணாமல் போய்விடுகிறது. "நூறு ரூபாவுக்குப் பருப்பு", "ஐம்பது ரூபாவுக்குச் சீனி" என்று சனம் காசைச் சொல்லித்தான் கேட்டது. நானும் அப்படியே எழுதினேன். எவ்வளவு வரும் என்று யாரும் கேட்கவில்லை. தராசில் விழும் பருப்பைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது கால் கிலோ, அரைக் கிலோ திரும்பி வந்திருக்கிறது. இதைத்தான் மீட்சி என்கிறார் கட்டுரையாளர் என்றால் மறுக்க மாட்டேன். ஆனால் "1 கிலோ" என்ற எழுத்து பெரும்பாலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளின் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த வீடுகளுக்கு உண்மையில் கொப்பியே தேவையில்லை, பழக்கதோஷம்.

கடற்கரைப் பக்கம் கணக்கு இன்னும் கடுமை. இங்கே சிறு படகுகளின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஓகஸ்டில் ஓர் இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குப் போனது. இருபத்தைந்து லீற்றர் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு 2,175 ரூபாச் செலவு 8,500 ஆகிவிட்டது. மீன் விலை நான்கு மடங்காகவில்லை. 2025இல் மண்ணெண்ணெய் இருநூறுக்குக் கீழே வந்தது, நல்லது. ஆனால் அந்த இடைக்காலத்தில் இயந்திரத்தை விற்றுவிட்டுக் கூலிக்குப் போன என் வாடிக்கையாளர் ஒருவருக்கு, எண்ணெய் விலை இறங்கியதால் இயந்திரம் திரும்பி வரப் போவதில்லை. ஆண்டு வளர்ச்சி வீதத்தில் இந்த இழப்புக்கு இடமில்லை. 2024இல் நான்கில் ஒருவர் வறுமையில் என்று உலக வங்கி சொல்லும்போது எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

அதற்காகப் பதில் எழுதிய வாசகர் கிரேக்கத்தைக் காட்டிப் பயமுறுத்தியதையும் ஏற்க முடியாது. அங்கே உற்பத்தியில் ஏறக்குறைய கால்பங்கு கரைந்தது, 2008ஆம் ஆண்டு நிலையை அந்த நாடு இன்னும் பிடிக்கவில்லை என்பதெல்லாம் சரி. ஆனால் யூரோவுக்குள் இருந்ததால் தன் நாணயத்தின் பெறுமதியை இறக்கி, ஏற்றுமதியை மலிவாக்கிக்கொள்ள அதற்கு வழியில்லை. ஆர்ஜென்டீனாவைப் பாருங்கள். 2001 டிசம்பரில் கடன் கட்ட முடியாது என்றது, மறு ஆண்டு பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, அதன்பிறகு சில ஆண்டுகள் எட்டு, ஒன்பது சதவீதமாக வளர்ந்தது. நாணயம் விழுந்திருந்தது, விற்கச் சோயாவும் இருந்தது, சோயாவுக்கு உலகில் விலையும் ஏறியது.

நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது, ஆகவே வெளிநாட்டாருக்கு மலிவாகிவிட்டோம். ஆனால் விற்க என்ன இருக்கிறது? ஆடைக்குத் துணி வெளியிலிருந்து வருகிறது. அந்த ஆடையின் பெரிய வாடிக்கையாளரான அமெரிக்கா 2025இல் 44 சதவீத வரி என்று மிரட்டி 20இல் வந்து நின்றது. நன்றாகக் கைகொடுத்தது வெளிநாட்டில் உழைக்கும் சனம் அனுப்பும் பணம்: 2022இல் 3.8 பில்லியன் டொலர், 2024இல் ஆறரை பில்லியன். இதை ஏற்றுமதி என்று பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றை இருவருமே தொடவில்லை. பிணைமுறிகளையும் (அரசு விற்ற கடன் பத்திரங்கள்) நாடுகளுக்கிடையிலான கடன்களையும் தவணை தள்ளி மறுசீரமைத்ததில் மூச்சு விட அவகாசம் கிடைத்தது. 2028இலிருந்து அந்தத் தவணைகள் பெரிதாகத் திரும்பி வரும். அரச வருமானத்தைக் கூட்ட வேண்டும் என்பதற்காகத்தான் பெறுமதி சேர் வரி (VAT) எட்டிலிருந்து பதினெட்டு சதவீதத்துக்குப் போயிருக்கிறது. வரியைக் கட்டுவது அரைக் கிலோக்காரரும்தான். என் கணிப்பில் புறப்பட்ட இடத்துக்கு 2025ஆம் ஆண்டுக் கணக்கோடு வந்துவிடுவோம். நெருக்கடி வராமலிருந்தால் எங்கே இருந்திருப்போமோ அந்த இடத்துக்கு 2030க்கு முன் போவது கடினம். பிழையென்றால் கட்டுரையாளர் திருத்தட்டும். ஆனால் அடுத்த கட்டுரையில் வளர்ச்சி வீதத்துக்குப் பக்கத்தில் 2018ஆம் ஆண்டின் அளவையும் ஒரு வரியில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பலசரக்குக் கடைக்காரர் ஒருவர்,
பருத்தித்துறை.