நெடும்பயண மிதிவண்டிக்கு எந்தச் சக்கரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிதிவண்டியில் ஊர் ஊராகப் பயணம் போகும் இளைஞர்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். கியர்கள் எத்தனை, வண்டியின் எடை என்ன என்றெல்லாம் விரிவாக எழுதியிருந்த அதில், சுமையைத் தாங்கும் சக்கரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் இக்கடிதம்.

சென்ற ஆண்டு காரைக்குடியிலிருந்து ராமேசுவரத்துக்கு, பின் கேரியரில் 18 கிலோ மூட்டையுடன் புறப்பட்டேன். தேவகோட்டையைத் தாண்டித் திருவாடானையை நெருங்கும்போது பின்னால் 'டங்' என்றது. இறங்கிப் பார்த்தால், பல்சக்கரங்கள் இருக்கும் வலப்பக்கத்தில் ஒரு போக்ஸ் கம்பி, சக்கரத்தின் நடு உருளையான ஹப்பின் துளையில் வளைந்து நுழையும் இடத்திலேயே அறுந்து கிடந்தது. மொத்தமே 28 கம்பிகள் என்பதால், ஒன்று போனதும் ரிம் கோணிப் பிரேக் கட்டையில் உரசத் தொடங்கிவிட்டது. வழியில் இருந்த கடையில் அந்த நீளத்தில் கம்பியும் இல்லை, பல்சக்கரத்தைக் கழற்றும் கருவியும் இல்லை. வண்டியைப் பேருந்தின் மேல் ஏற்றித் திரும்பினேன்.

கம்பி பெரும்பாலும் சுமை தாங்காமல் ஒரேயடியாக அறுவதில்லை. சக்கரம் சுழல்கையில் தரையை ஒட்டி வரும் கம்பிகளின் இறுக்கம் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்து மீள்கிறது. கிலோமீட்டருக்கு 450 சுற்றுக்கு மேல். முதலிலேயே தளர்வாக இருக்கும் கம்பி அத்தனை முறையும் வளைவில் அசைந்து, உலோகம் சலித்து முறிகிறது. இயந்திரத்தில் கோத்து வந்த சக்கரத்தை இறுக்கம் பார்க்காமல் ஓட்டியது என் தவறுதான். முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. உள்ள கம்பியை மெலிந்தது என்று நானும் ஒதுக்கியிருக்கிறேன்; உண்மையில் அந்த மெலிந்த நடுப்பகுதி சற்றே நீண்டு கொடுப்பதால், அதிர்ச்சி முழுவதும் வளைவில் போய் விழுவதில்லை.

எண்ணிக்கைக்கு நம் பழைய வண்டிகளே வழிகாட்டி. பால் கேன் கட்டிப் போன அந்தக் கறுப்பு வண்டிகளில் முன்னே 32, பின்னே 40 கம்பிகள். இன்றைய இரட்டைச் சுவர் அலுமினிய ரிம்முக்கு 36 போதும். எட்டுக் கம்பிகள் கூடினால் ஏறுவது ஓர் எலுமிச்சம்பழ எடை. அதற்கு அஞ்சுகிறவர்கள் மணகோலமும் சீப்புச் சீடையும் பை நிறையத் திணித்துக்கொள்ளத் தயங்குவதில்லை. ஆத்தங்குடிப் பக்கத்துச் செம்மண் சரளைக்கு 35 முதல் 40 மி.மீ. அகல டயர் நல்லது. கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு மரையான நிப்பிள் பித்தளையில் இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் கடற்கரை உப்புக்காற்றில் அரித்துப் பிடித்துக்கொண்டால், பெண்டு எடுக்கையில், அதாவது அதைத் திருகிச் சக்கரத்தின் கோணலை நிமிர்த்துகையில், மழுங்கிவிடும்.

புதுச் சக்கரமானாலும், கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திவிட்டு மறுபடி பெண்டு எடுக்கச் சொல்ல வேண்டும். விரலால் சுண்டினால் வலப்பக்கக் கம்பிகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின்சக்கரத்தின் இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும், அது குறையன்று.

பின்சக்கரத்தில் இருபக்கக் கம்பிகளின் நீளமும் பெரும்பாலும் ஓரிரு மி.மீ. வேறுபடும். இரண்டு அளவுகளையும் நம் பகுதி சைக்கிள் கடைக்காரர்கள் வாங்கி வைத்தால் என் போன்றோருக்கு உதவியாக இருக்கும். அதுவரை, அளவுக்கு இரண்டாக நான்கு கம்பிகளை வண்டிச் சட்டத்தில் டேப் சுற்றி ஒட்டிக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி